சத்தம் எங்கிருந்து வருகிறது? கடற்கரை ஊரில் ஓடும் எஸ்யூவிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஏழு பேர் வண்டியில் மூன்று மாதமாக ஒரு 'டொக்' கேட்டுக்கொண்டிருந்தது. முன்பக்க ஷாக் அப்சார்பர் (சாலையின் அதிர்ச்சியை அடக்கும் குழாய்) இரண்டும் போய்விட்டது என்று மெக்கானிக் ஷெட்டில் சொன்னார்கள். மாற்றினேன், 11,000 ரூபாய். ஷெட்டை விட்டு வெளியே வந்து முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அதே டொக்.

கடைசியில் அது அகப்பட்ட இடம் மூன்றாவது வரிசை இருக்கைக்குப் பின்னால், ஜாக்கி வைக்கும் பள்ளத்துக்குள். ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வந்தபோது என் மாமியார் பிடித்து வைத்த ஐந்து லிட்டர் கேன். பாதி தீர்ந்துபோயிருந்தது. பிரேக் பிடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் முன்னே வரும், கேன் சாய்ந்து தகரத்தில் இடிக்கும். வண்டியின் பெட்டி முழுக்க ஒரு மத்தளம் மாதிரி என்பதால் பின்னால் இடிப்பது முன்னால் கேட்டது.

அதற்கப்புறமும் வண்டியில் நிஜமாகவே இரண்டு சத்தங்கள் இருந்தன. அவற்றைப் பிடித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு பிடிவாதம் வேண்டும்: சத்தம் வரும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்ட முடியாத வரை எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது.

வண்டியைக் காலி செய்யுங்கள்

அரைகுறையாக இல்லை, முழுக்க. டேஷ்போர்டு பெட்டி, கதவுப் பை, இருக்கைக்கு அடியில், கூரையில் இருக்கும் கண்ணாடிக் கூடு, கப் வைக்கும் குழியில் கிடக்கும் சில்லறை எல்லாம் வெளியே வரட்டும். ஜாக்கி, அதன் கைப்பிடி, வீல் ஸ்பானர் மூன்றையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். எதை வைத்ததும் சத்தம் திரும்புகிறதோ அதுதான்.

காலி செய்தும் உள்ளேயே இருப்பவை சில உண்டு. மடக்கும் இருக்கை சரியாகப் பூட்டாமல் அரை விரல் தூக்கி நிற்கும். யாரும் உட்காராத இருக்கையின் பெல்ட் கொக்கி தூணில் தட்டும். ஹெட்ரெஸ்ட் அதன் குழாய்க்குள் ஆடும். இவற்றையெல்லாம் ஓடும் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம் ஸ்டெப்னி. நிறைய எஸ்யூவியில் அது டிக்கிக்கு அடியில் கம்பியிலோ சங்கிலியிலோ தொங்கும். பஞ்சர் கடையில் திரும்ப மாட்டும்போது முழுக்க இறுக்கியிருக்க மாட்டார்கள். கீழே குனிந்து இரண்டு கையாலும் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம்கூட அசையக் கூடாது. எங்கள் வண்டியின் இரண்டாவது சத்தம் இதுதான். கம்பியைச் சுற்றும் கியரில் துரு ஏறி, இறுகிவிட்டது போலப் பாவனை காட்டியது. இதைச் சும்மா விட்டால் ஒருநாள் சக்கரம் சாலையில் விழும். பின்னால் பைக்கில் வருகிறவர் பாடு ஆபத்து.

சத்தத்துக்குப் பெயர் வையுங்கள்

ஷெட்டில் போய் "ஏதோ சவுண்டு வருது" என்று சொன்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஓசையைச் சொல்லத் தமிழில் வார்த்தைக்குப் பஞ்சமா? பாட்டி பாத்திரம் உருளும் சத்தத்துக்கே நாலு சொல் வைத்திருப்பார். அதே நுணுக்கத்தை இங்கே கொண்டுவாருங்கள்.

கனமாக, ஒற்றையாக 'டொக்' என்றால் ஒரு பெரிய பாகம் இடைவெளி தாண்டிப் போய் இடிக்கிறது: லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் கீழ்க் கையின் ரப்பர் வளையம்), பால் ஜாயின்ட் (அந்தக் கையின் முனையில் இருக்கும் குண்டு மூட்டு), இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்). இலேசாக, விடாமல் 'கடகட' என்றால் லிங்க் ராட் (இடது, வலது சக்கரங்களைச் சேர்க்கும் கம்பியின் முனையில் மாட்டும் சின்னத் தண்டு), பிரேக் பேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை), பூட்டாத ஏதாவது ஒன்று. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டதுபோல 'சலசல' என்று, அதுவும் நின்றுகொண்டிருக்கும்போதே கேட்டால் சைலன்சரைச் சுற்றியிருக்கும் வெப்பத் தகடு. 'கீச்' அல்லது 'கிரீச்' என்றால் காய்ந்த ரப்பரோ பிளாஸ்டிக்கோ உரசுகிறது. முழுக்க ஸ்டீயரிங் ஒடித்து மெதுவாகப் போகும்போது 'டிக் டிக் டிக்' என்று சக்கரத்தோடு எண்ணினால் டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின்) வெளி ஜாயின்ட். வேகம் ஏற ஏற 'ஊம்ம்' என்று ஏறினால் சக்கரத்தின் பேரிங் அல்லது ஒரு பக்கமாகத் தேய்ந்த டயர்.

பெயர் வைத்ததும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வேகத்தில், பிரேக்கிலா ஆக்ஸிலேட்டரிலா, திரும்பும்போது எந்தப் பக்கம், காலைக் குளிர்ச்சியிலா மத்தியான வெயிலிலா, எத்தனை பேர் ஏறியிருந்தார்கள். இந்தத் தாள் இல்லாமல் நான் இப்போது ஷெட் பக்கமே போவதில்லை.

சாலைதான் முதல் கருவி

நம் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாலைகளுக்கு ஒரு பெருமை உண்டு. விதவிதமான சோதனை அவற்றிலேயே நடந்துவிடும்.

1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நெடுக இரும்பு இணைப்புகள். ஒவ்வொன்றிலும் இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். இரண்டும் சேர்ந்து எழும்பினால், இரண்டையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படாது. அதனால் லிங்க் ராட் தேய்ந்திருந்தாலும் பெரும்பாலும் பாலத்தில் அமைதியாக இருக்கும். பாலத்தில் 'டொக்' கேட்டால் ஷாக் அப்சார்பர், அதன் மேல் மவுண்ட், பெரிய புஷ் பக்கம் சந்தேகத்தைத் திருப்பலாம்.

இனி ஒரு கண்மாய்க் கரைச் சாலைக்கு வாருங்கள். இடது சக்கரம் பள்ளத்தில், வலது மேட்டில், அடுத்த நொடி நேர்மாறாக. கம்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கிக்கொள்ளும். பாலத்தில் சும்மா இருந்த வண்டி இங்கே 20 கிலோமீட்டர் வேகத்தில் கடகடவென்றால் லிங்க் ராட் அல்லது அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்.

ஒரு எச்சரிக்கை. பாலத்தில் சோதனைக்காக வேகத்தைத் திடீரென்று குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். கடலையும் ரயில் பாலத்தையும் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் பின்னால் வருகிறார்கள். போகிற போக்கில் காதைத் தீட்டிக்கொண்டால் போதும்.

மூன்றாவது இடம் இருபுறமும் உயர்ந்த மதில் உள்ள தெரு. கீழக்கரையின் பழைய தெருக்கள் இதற்கென்றே கட்டியது போல இருக்கும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு நடக்கும் வேகத்தில் போனால், வண்டிக்கு அடியில் எழும் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். தொழுகை நேரமும் பள்ளிக்கூடம் விடும் நேரமும் தவிர்த்துவிடுங்கள்.

நான்காவது, ஆள் நடமாட்டம் இல்லாத காலி மனை. மெதுவாக முன்னே போய் பிரேக், பின்னே வந்து பிரேக். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு டொக் என்றால் லோயர் ஆர்மின் பின் புஷ், இன்ஜின் மவுண்ட், அல்லது பிரேக் பேட் அதன் இருக்கையில் நகர்வது. பின்சக்கர இழுவை வண்டியானால் புரொப்பல்லர் ஷாஃப்டின் (பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் நீளத் தண்டின்) கிராஸும், அதாவது சிலுவை மூட்டும் சேரும். அது 'டொக்' என்பதைவிட 'டங்' என்று உலோகமாக ஒலிக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டு மிதிக்கும்போதும் வரும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் சாக்கிள் புஷ்ஷையும் (ஸ்பிரிங் முனையைத் தொங்கவிடும் இணைப்பின் ரப்பர்) யூ போல்ட்டையும் (ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் போல்ட்) மறக்க வேண்டாம்.

இந்த நான்கு ஓட்டத்திலும் ஓட்டுகிறவர் தனியாகப் போகக் கூடாது. நான் மச்சானைப் பின் இருக்கையில் போட்டுக்கொள்வேன். ஒவ்வொரு சுற்றிலும் அவர் இடம் மாறுவார். ஒருமுறை, "மாப்ள, நீங்க சொல்ற சத்தம் முன்னாடி இல்ல, என் முதுகுக்குப் பின்னாடிதான் தட்டுது" என்றார். ஸ்டெப்னி பிடிபட்டது அப்படித்தான். ஆள் கிடைக்காவிட்டால் செல்போனில் ஒலிப்பதிவு போட்டு, ஒரே சாலையில் ஒரே வேகத்தில் இடம் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிக் கேளுங்கள். எங்கே வைத்தபோது சத்தம் கூர்மையாகப் பதிந்திருக்கிறதோ அங்கே தேட ஆரம்பிக்கலாம்.

ஓடும்போது செய்ய இன்னொரு சின்ன வேலை. கரடுமுரடான இடத்தில் கடகட கேட்கும்போது பிரேக்கை இலேசாகத் தொடுங்கள். வண்டி நிற்க வேண்டாம், பேட் டிஸ்கைப் பிடித்தால் போதும். சத்தம் அந்த நொடியே நின்றால் பேட், அதன் கிளிப், காலிப்பர் பின் (பேடை அழுத்தும் பிடி நகர்வதற்கான ஆணி) இவைதான். சஸ்பென்ஷனைத் தொட வேண்டியதே இல்லை.

நிறுத்தி வைத்து ஆட்டிப் பார்ப்பது

முதலில் உயிர் பயம். நம் வீட்டு முற்றம் பெரும்பாலும் மணல். மணலில் ஜாக்கி ஒரு பக்கமாக இறங்கும், வண்டி சரியும். அகலமான கனத்த பலகை ஒன்றின் மேல் ஜாக்கியை வையுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன் மேல் இறக்குங்கள். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. கான்கிரீட் தளம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக முடிந்தால் இன்னும் நல்லது.

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது 'கடக்' என்றால் டை ராட் முனை (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் மூட்டு) அல்லது ஸ்டீயரிங் ராக் (அந்தக் கம்பியை இருபுறமும் தள்ளும் பல் சட்டம்). இவற்றில் எது ஆடினாலும் வண்டியைக் குடும்பத்தோடு வெளியே எடுக்காதீர்கள். ஷெட்டுக்குப் போவதுகூட இழுவை வண்டியில் போனால் நல்லது.

புஷ்களுக்கு ஒரு சின்னக் கடப்பாரை போதும். ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து மெதுவாக நெம்புங்கள். நல்ல ரப்பர் விறைப்பாகக் கொடுத்துத் திரும்பும். கிழிந்தது வாயைத் திறந்து காட்டும். கீச் என்று முனகும் புஷ் எது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகத் தண்ணீர் பீய்ச்சி, ஒவ்வொரு தடவையும் வண்டியை அழுத்திப் பாருங்கள். எதை நனைத்ததும் முனகல் அடங்குகிறதோ அதுவே குற்றவாளி.

ஷாக் மேல் மவுண்டுக்கு, பானெட்டைத் திறந்து மவுண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வேறொருவரை ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிங் சிக்கிச் சிக்கி விடுபடுவது கைக்குத் தெரியும். இன்ஜின் மவுண்டுக்கு, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் அழுத்தியபடி கிளட்ச்சைப் பிடிக்கும் இடம் வரை விட்டு முதல் கியரிலும் ரிவர்ஸிலும் இன்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். பார்க்கிறவர் வண்டிக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது.

லிங்க் ராட் ஏமாற்றும் விதம்

இதற்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன். சின்னப் பாகம், விலை குறைவு, ஆனால் இதன் பழியை ஷாக் அப்சார்பர் சுமப்பதை நிறைய பார்த்துவிட்டேன்.

ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கி இழுத்து நிற்கும். அந்த இழுவையில் லிங்க் ராடின் தேய்ந்த குண்டு ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிடித்து ஆட்டினால் கல்லுப்போல் இருக்கும். "இது நல்லா இருக்குண்ணே" என்று மெக்கானிக் சொல்வதும் அந்த நேரத்தில் உண்மைதான். சோதிக்க வேண்டுமானால் இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில், தரையிலோ பள்ளத்தின் மேல் உள்ள மேடையிலோ நிற்க வேண்டும். அப்போது கையை உள்ளே விட்டு லிங்க்கைப் பிடித்துக் குலுக்கினால் 'கட கட' என்று கைக்குள்ளேயே பேசும்.

சந்தேகம் தீராவிட்டால் இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி வைத்துவிட்டு, கம்பி முனை எதிலும் இடிக்காதபடி பார்த்துக்கொண்டு, அதே கண்மாய்க் கரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி வழக்கத்தைவிடச் சாயும். அதனால் தெருவோடு சரி, நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. சத்தம் இல்லையென்றால் விஷயம் முடிந்தது. ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்த விடை. எங்கள் வண்டியின் மூன்றாவது சத்தம் இப்படித்தான் ஒழிந்தது. மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினேன்.

உப்பு செய்கிற வேலை

மதுரைக்காரர் எழுதும் வழிகாட்டியில் இந்தப் பகுதி இருக்காது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் உலோக அரிப்பை ஆராய நம் கடற்கரை ஊரான மண்டபத்தைத் தேடி வந்தது சும்மா இல்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓட்டத்தை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலத்தைத் திறந்தார்கள். அந்தப் பழைய இரும்பைத் தின்ற அதே காற்றில்தான் நம் வண்டியும் இரவு முழுக்க நிற்கிறது.

உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே கசிந்து நீராகும். கடற்கரையில் இரவில் அது சாதாரணம். ஆக மழையே பெய்யாவிட்டாலும் வண்டியின் அடிப்பாகம் நனைந்தே இருக்கிறது.

முதலில் போவது சைலன்சர் வெப்பத் தகடு. மெல்லிய தகடு, போல்ட்டைச் சுற்றி துரு தின்று ஓட்டை பெரிதாகிவிடும். போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், தகடு அதைச் சுற்றி ஆடும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு முஷ்டியால் தட்டினால் சலசலக்கும். தகடு மாற்ற வேண்டியதில்லை. அகலமான வாஷர் ஒன்று வைத்து இறுக்கலாம், அல்லது துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப்பால் சுற்றிக் கட்டலாம். தகட்டைப் பிய்த்துப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள். சைலன்சர் சூட்டிலிருந்து தரை விரிப்பையும் வயரையும் காப்பது அதுதான். வண்டியைக் காய்ந்த புல்லில் நிறுத்தும்போது அதன் அருமை தெரியும்.

அடுத்தது காலிப்பர் பின். ரப்பர் உறை கிழிந்து உப்பு உள்ளே போனால் ஒரு பின் இறுகும், இன்னொன்று ஆடும். சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் மட்டும் போடுங்கள்.

தனுஷ்கோடி போய் வந்தால் மணல் ஒரு தனிக் கணக்கு. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு ஆடிக் காற்றில் மணல் சாலைக்கு மேலேயே ஓடுகிறது. மறுநாள் சக்கரத்திலிருந்து 'கிர்ர்' என்று கேட்டால் பதற வேண்டாம். டிஸ்குக்கும் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நடுவே சின்னக் கல் மாட்டியிருக்கும். காலி இடத்தில் முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும்.

கழுவுவதில்தான் நம் ஊரில் சிக்கல். கடல் உப்பு போக வேண்டும் என்று போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சுகிறோம். அந்தத் தண்ணீரே உப்பு! காய்ந்ததும் வெள்ளையாகப் படிவதைப் பாருங்கள். மேலே எதை ஊற்றினாலும், அடிப்பாகத்துக்குக் கடைசியாக ஒரு குடமாவது நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். குடிதண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தினால் மேல்பக்கமாவது இலவசமாகக் கழுவப்படும்.

துருவுக்குப் பயந்து அடியில் டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் அடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. இரும்புக்கு அது நல்லதாகவே இருக்கட்டும், ரப்பருக்கு விஷம். புஷ் ஊதி, மென்மையாகி, சீக்கிரம் கிழியும். துருவைத் தடுத்துவிட்டு டொக்கை விலைக்கு வாங்கிய கதை அது.

உள்ளே வரும் முனகல்கள்

இதற்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போர்டு விரிந்து முனகும். காலையில் வாயே திறக்காது. கையால் அழுத்தினால் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, இடுக்கில் வெல்வெட் டேப் வெட்டிச் செருகுங்கள். பழைய சைக்கிள் டியூப் துண்டும் பிரமாதமாக வேலை செய்யும். கதவு ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். டிக்கிக் கதவு தட்டினால் அதன் இரு பக்க ரப்பர் குமிழைக் கொஞ்சம் வெளியே திருகினால் போதும்.

ஷெட்டில் கேட்க வேண்டியது

தாளைக் கையில் கொடுங்கள். அப்புறம் மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். "அண்ணே, இந்தச் சத்தம்தான்" என்று அவர் காதுக்குக் கேட்ட பிறகே வண்டி உள்ளே போக வேண்டும். எந்தப் பாகம் என்று அவர் சொன்னதும் அதை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்த மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

லோயர் ஆர்ம் புஷ் மாற்றினால் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் புது ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சில மாதத்தில் கிழியும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி நீங்களே ஆட்டிப் பாருங்கள். ஆர்ம், டை ராட் எதைத் தொட்டிருந்தாலும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

பிறகு அதே சாலை, அதே வேகம், பின் இருக்கையில் அதே ஆள். சக்கரம் கழற்றிய வண்டியானால் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி, வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன அளவுக்கு வீல் நட்டுகளை டார்க் ஸ்பானரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) மறுபடி பாருங்கள்.